ஒரு பக்கம் உட்கார்ந்த வேன்

டவுன் பஸ் இடப்பக்கம் சாய்ந்துகொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். காலை எட்டரை மணிக்குப் படிக்கட்டில் பத்துப் பேர் தொங்கும்போது சாய்ந்தால் அதில் புதிர் இல்லை. கடைசி டிரிப் முடிந்து, ஆளே இல்லாமல் டெப்போவில் நிற்கும்போதும் சில பஸ்கள் அதே பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கின்றனவே, அதுதான் புதிர். பாரம் இறங்கிவிட்டது, வண்டி ஏன் நிமிரவில்லை? மெக்கானிக்கைக் கேட்டால் இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்: “பட்டை உக்காந்துருச்சு.”

நல்ல சொல்தான். ஆனால் எஃகு எப்படி உட்காரும்? மனிதருக்கு முழங்கால் தளர்வதுபோல ஸ்பிரிங்குக்கும் வயதானால் வலு குறையுமா? பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு.

இதை விளக்க பஸ்ஸைவிடப் பொருத்தமான வண்டி ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் பாரம் ஏறும், இறங்கும். கேம்பர் வேனில் அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரு சுவரோடு பொருத்தப்பட்டு, வண்டி ஓடினாலும் நின்றாலும், நாற்பது ஐம்பது ஆண்டுகள் அந்த ஒரே பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். எஃகின் பொறுமைக்கு இதைவிட நீண்ட பரீட்சை கிடையாது.

வீட்டைச் சுமக்கும் வண்டி

ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டைப் 2 வேன் 1950-ல் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் உற்பத்திக்கு வந்தது. 1956-ல் அதன் தொழிற்சாலை ஹானோவருக்கு மாறியது. வட்ட விளக்கும் தட்டை முகமுமாக, பழைய சினிமாக்களில் ஹிப்பிகள் ஓட்டிப் போகும் வண்டி என்றால் உடனே நினைவுக்கு வந்துவிடும். வீடன்ப்ரூக் ஊரைச் சேர்ந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லிருந்து இந்த வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி, ஓடும் வீடாக மாற்றத் தொடங்கியது. 1967-ல் வந்த இரண்டாம் தலைமுறை வேன் ஜெர்மனியில் 1979 வரை தயாரானது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசையாக வைத்து ஓட்டப்படுபவற்றில் நிறைய அந்தத் தலைமுறை வண்டிகள்தான்.

ஜெர்மனியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே ஆள் ஏறி இறங்கும் தள்ளுகதவு நடைபாதையை ஒட்டிய வலப்பக்கத்தில் இருக்கும். கதவு இருக்கும் பக்கம் அலமாரி வைக்க முடியாது. கனமானதெல்லாம் இடது சுவருக்குப் போய்விடும். ஓட்டுநர் உட்காருவதும் இடப்பக்கம்தான்.

சாய்வை முதலில் காட்டிக்கொடுப்பது அடுப்படி. சமதளமான இடத்தில் நிறுத்தி முட்டையை ஊற்றினால் அது வாணலியின் இடது ஓரத்துக்கு நகரும். பாத்திரத் தொட்டியின் மூலையில் தண்ணீர் வடியாமல் தேங்கும். கேஸில் ஓடும் குளிர்பெட்டி இருந்தால் அதுவும் முரண்டு பிடிக்கும். அந்த வகைக் குளிர்பெட்டிக்குள் பம்ப் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாய்களில் இறங்கி ஓட வேண்டும். பெட்டி அதிகம் சாய்ந்தால் ஓட்டம் தடைப்படும்.

இனி ஒரு வேனை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்த அளவு வண்டிக்குப் பொருந்துபவை. அது 1977-ல் செய்த வேன். இடது அலமாரிகளின் எடை 80 கிலோ. அந்த எடையின் மையம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. சக்கரங்கள் நடுக்கோட்டிலிருந்து 70 செ.மீ. தொலைவில். ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்கும் இரண்டரை கிலோ ஏற்றினால் 1 மி.மீ. இறங்கும்.

அலமாரி கிட்டத்தட்ட இடது சக்கரங்களுக்கு மேலேயே இருப்பதால் 80 கிலோவில் 74 கிலோ இடது சக்கரங்கள் இரண்டுக்கும் போகிறது. வலது சக்கரங்களுக்கு மீதி 6 கிலோ மட்டும். ஒவ்வொரு இடது சக்கரத்துக்கும் 37 கிலோ. ஸ்பிரிங் 15 மி.மீ. இறங்கும். வலப்பக்கம் 1 மி.மீ. இறங்கும். ஆக, தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம்புது ஸ்பிரிங்கோடு நின்றாலும் இந்த வேன் இடப்பக்கம் 14 மி.மீ. சாய்ந்துதான் நிற்கும். இதில் ஸ்பிரிங்கின் குற்றம் எதுவும் இல்லை.

நம் வேனின் சாய்வு 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 14 போக மீதி 8 மி.மீ. எங்கிருந்து வந்தது?

எஃகு தளர்வதில்லை

ஸ்பிரிங்கின் விறைப்பையும் அதன் இயல்பு நிலையையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒரு கிலோ ஏற்றினால் எத்தனை மி.மீ. இறங்கும் என்பது விறைப்பு. எடையே இல்லாதபோது ஸ்பிரிங் எந்த உயரத்தில் நிற்கும் என்பது இயல்பு நிலை. பள்ளிக்கூடத்தில் ஹூக் விதி என்று படித்தது விறைப்பைப் பற்றியது. ராபர்ட் ஹூக் அதை 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் விடையை வெளியிட்டார். வேறு யாரும் தனது என்று சொல்லிவிடக் கூடாது என்ற பயம்.

எஃகின் விறைப்பு அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பிலிருந்து வருகிறது. அந்தப் பிணைப்புக்கு வயது தெரியாது. நாற்பது வருட ஸ்பிரிங்கின் மேல் 50 கிலோ வைத்தாலும், அதே அளவில் செய்த புது ஸ்பிரிங்கின் மேல் வைத்தாலும் இரண்டும் ஒரே அளவுதான் இறங்கும். நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: இரண்டு 25 கிலோ அரிசி மூட்டை, ஒரு அளவுகோல் போதும்.

மாறுவது இயல்பு நிலை. பழைய ஸ்பிரிங் வலுவை இழக்கவில்லை, தான் எங்கிருந்து கிளம்பினோம் என்பதை மறந்துவிட்டது. அதே வலுவோடு, கொஞ்சம் தாழ்வான இடத்திலிருந்து வேலை செய்கிறது. அதனால்தான் இந்தச் சாய்வைச் சரிசெய்ய முடிகிறது. வலுவே போயிருந்தால் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழி இருந்திருக்காது.

விதிவிலக்கு உண்டு: துரு. ஸ்பிரிங் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி பத்தில் ஒரு பங்கு மெலிந்தால் விறைப்பு பத்தில் ஒரு பங்கு அல்ல, மூன்றில் ஒரு பங்கே போய்விடும். செதில் செதிலாகத் துரு உதிரும் ஸ்பிரிங்கையும், நுனி உடைந்த ஸ்பிரிங்கையும் மாற்றத்தான் வேண்டும். அதில் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி சாய்ந்தால் பலரும் முதலில் மாற்றுவது ஷாக் அப்சார்பரை. அதற்குள் இருப்பது எண்ணெய். வண்டி ஆடும்போது ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. நிற்கும் வண்டியின் எடையை அது தாங்குவதில்லை. அழுத்தமான வாயு அடைத்த வகை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். சாய்வுக்காக ஷாக்கை மாற்றுவது வீண் செலவு.

ஜமக்காளத்தில் ஒரு சுருக்கம்

எஃகு ஏன் மறக்கிறது? எஃகுக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அடுக்கு எங்கும் ஒழுங்காக இருப்பதில்லை. நடுவே ஒரு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். இந்தக் குறையை வரிசைப்பிசகு என்று சொல்லலாம். உலோகம் வளைவதற்கும் நெளிவதற்கும் இந்தப் பிசகுகள்தான் காரணம் என்று 1934-ல் ஜெஃப்ரி டெய்லர், ஈகான் ஓரோவான், மைக்கேல் பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே கண்டு எழுதினார்கள்.

கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை அரை அடி நகர்த்த வேண்டும். மொத்தமாக இழுத்தால் நாலு பேருக்கும் அசையாது. ஒரு ஓரத்தில் சிறிய சுருக்கத்தை உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை போனால் ஒரே ஆள் நகர்த்திவிடலாம். வரிசைப்பிசகும் அப்படித்தான். முழு அடுக்கும் ஒரே நேரத்தில் சறுக்க வேண்டியதில்லை. பிசகு ஒவ்வொரு படியாக ஊர்ந்தால் போதும்.

ஸ்பிரிங் எஃகைப் பதப்படுத்தும்போது இந்தப் பிசகுகள் நகராதபடி ஆங்காங்கே முட்டுக்கட்டைகள் உண்டாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை என்றும் அசைவதில்லை. ஆனால் அழுத்தம் இரவும் பகலும் ஒரே திசையில் இருந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு பிசகு ஒரு கட்டையைத் தாண்டிவிடும். பள்ளத்தில் சக்கரம் விழும் ஒவ்வொரு அடியிலும் இன்னும் சில தாண்டும். தாண்டியவை திரும்பி வருவதில்லை. நாற்பது வருடத்தில் இவையெல்லாம் சேர்ந்து சில மி.மீ. ஆகின்றன. நம் வேனில் ஒரு பின் சக்கர ஸ்பிரிங் சுமப்பது 450 கிலோ என்றால் அது ஏறத்தாழ 180 மி.மீ. இறங்கித்தான் நிற்கிறது. அதில் பத்துப் பதினைந்து மி.மீ. மறதி என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஃகுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

நாற்காலியும் முக்காலியும்

எந்த ஸ்பிரிங் உட்கார்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கதையில் கடினமான பகுதி. இடது பின்மூலை தாழ்ந்து தெரிகிறது, ஆகவே இடது பின் ஸ்பிரிங் என்று சொல்லிவிட முடியாது.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று கால் எங்கே நின்றாலும் ஒரு தளம் அமைந்துவிடும். நாற்காலிக்கு ஒரு கால் குட்டையானால் ஆட்டம் தொடங்கும். குட்டையான கால் எது என்று ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? முடியாது. எதிரெதிர் மூலைகள் இரண்டும் மாறி மாறித் தரையைத் தொடும். குட்டையான கால் அந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஏன், மற்ற இரண்டில் ஒன்று நீளமாகவும் இருக்கலாம்.

வேன் நான்கு ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் ஒரு நாற்காலி. அதன் உடல் இறுக்கமான ஒரே பெட்டி என்பதால் முன்புறம் எவ்வளவு சாய்கிறதோ பின்புறமும் அவ்வளவே சாயும். நம் வேனை அளந்தால் முன்னும் 22 மி.மீ., பின்னும் 22 மி.மீ. குற்றவாளி ஒருவன், கைகட்டி நிற்பவர்கள் நால்வர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உட்கார்ந்துபோன ஸ்பிரிங் தன் பங்கைவிடக் குறைவாகவே சுமக்கிறது. குட்டைக் கால் தரையை லேசாகத்தான் தொடும், இல்லையா? அதன் பாரத்தை அடுத்த இரண்டு மூலைகள் வாங்கிக்கொள்கின்றன. இடது பின் ஸ்பிரிங் உட்கார்ந்தால், இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் கூடுதலாகச் சுமக்கின்றன.

அளப்பதற்கு முன்

டயர்களின் காற்றைச் சரிபார்க்காமல் எதையும் அளக்காதீர்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பதும் முக்கியம். தரை சமம் என்று கண்ணை நம்பக் கூடாது. கொத்தனார் கையில் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப் போதும். இரண்டு சக்கரத்தின் அருகில் இரு முனைகளையும் பிடித்தால் நீர்மட்டம் பொய் சொல்லாது.

தரையிலிருந்து அளப்பதைவிடச் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே அளப்பது நல்லது. டயரின் வித்தியாசம் கணக்கில் வராது. ஆனால் மேலே எதுவரை? சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டு வளைவு வரை என்பார்கள். இத்தனை வயதான வேனில் அந்த வளைவு துருப்பிடித்து, வெட்டி, வேறு தகடு வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கக்கூடும். இடதும் வலதும் ஒரே உயரத்தில் பற்றவைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே அடிச்சட்டத்தில் இருபுறமும் பொதுவான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதுவரை அளக்க வேண்டும். அளக்குமுன் வண்டியைப் பத்தடி ஓட்டி, குலுக்கி நிறுத்துவதும் அவசியம். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியின் புஷ்கள் இறுகிப் பிடித்துக்கொண்டு சில மி.மீ. உயரமாகக் காட்டும்.

அடுத்து அலமாரியின் எடையை ரத்து செய்வோம். 20 லிட்டர் கேன் நான்கில் தண்ணீர் நிரப்பினால் 80 கிலோ. அவற்றை வலது கதவோரம், நடுக்கோட்டிலிருந்து அதே 60 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் சம பாரம். நம் வேனின் சாய்வு 22-லிருந்து 8 மி.மீ. ஆகிறது. இந்த 8 மட்டும்தான் ஸ்பிரிங்கின் பங்கு.

இனி நாற்காலியை முக்காலியாக்குவோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் குறுக்குக் குழாயின் நட்டநடுவில் ஜாக்கியை வைத்து, முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விடும்படி தூக்க வேண்டும். பாதுகாப்புக்கு இருபுறமும் ஸ்டாண்ட் வைக்கலாம், ஆனால் வண்டியைத் தொடக் கூடாது. முன்புறம் இப்போது ஒரே புள்ளியில் நிற்கிறது. வண்டியை இடமோ வலமோ சாய்க்க அதற்கு வலு இல்லை. தெரிகிற சாய்வு முழுக்கப் பின் ஸ்பிரிங்குகளுடையது. அதை அளந்துகொண்டு, வண்டியை இறக்கி, பின்புறத்தின் நடுவில் ஜாக்கி வைத்து முன் ஸ்பிரிங்குகளையும் அதேபோலச் சோதிக்கலாம்.

நம் வேனில் பின்புறம் மட்டும் 14 மி.மீ., முன்புறம் மட்டும் 2 மி.மீ. இரண்டும் சமபலத்தோடு இழுத்துப் பிடித்ததில் நடுவே கிடைத்ததுதான் 8. குற்றவாளி பிடிபட்டான்: இடது பின் ஸ்பிரிங்.

முன்புறத்தில் இடதையும் வலதையும் இணைக்கும் சாய்வுத்தடுப்புக் கம்பி ஒன்று இருக்கும். அதை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன். நிஜ வண்டியில் சோதனைக்கு முன் அதைக் கழற்றிவிடுவது நல்லது.

முறுக்குத்தண்டு

ஸ்பிரிங், ஸ்பிரிங் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் இந்த வேனின் அடியில் குனிந்து பார்ப்பவருக்குச் சுருளும் தெரியாது, பட்டையும் தெரியாது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறுக்குத்தண்டு ஒரு குழாய்க்குள் ஒளிந்திருக்கும். ஈர வேட்டியை முறுக்கிப் பிழியும்போது அது திருப்பி முறுக்கிக்கொள்ளப் பார்க்குமே, அதே வேலையைச் செய்யும் எஃகுத் தண்டு இது. உள் முனை வண்டியின் நடுவில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும். வெளி முனையில் ஒரு கை. கையின் நுனியில் சக்கரம். சக்கரம் மேலே ஏறினால் தண்டு முறுக்கப்படும்.

முறுக்கும்போது தண்டின் நடுப்பகுதி சும்மா இருக்கிறது, பாடுபடுவது மேல்தோல்தான். அதனால் மேல்தோலில் ஒரு கீறல் விழுந்தால்கூட ஆபத்து. பெயிண்ட் உரிந்த இடத்தில் துருப் புள்ளி, அங்கிருந்து விரிசல், ஒரு நாள் பட்டென்று முறிவு.

பின் தண்டுகளில் இடது, வலது என்று குறி பொறித்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எதற்குக் குறி? தொழிற்சாலையில் ஒவ்வொரு தண்டையும் அது வேலை செய்யப்போகும் திசையிலேயே வேண்டுமென்றே அளவுக்கு மீறி முறுக்கி விடுவார்கள். இதை முன்முறுக்கு என்போம். மேல்தோல் கொஞ்சம் நெகிழ்ந்துவிடும், உள்பகுதி நெகிழாது. முறுக்குவதை விட்டதும் உள்பகுதி பழைய இடத்துக்குத் திரும்பப் பார்த்து, மேல்தோலை எதிர்த்திசையில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியின் பாரம் வரும்போது அதன் ஒரு பகுதி இந்த எதிர் இழுப்பை ஈடுகட்டவே போய்விடும். மேல்தோலுக்கு வேலை குறைவு, ஆயுள் அதிகம்.

இடதையும் வலதையும் மாற்றிப் போட்டால் இந்தச் சேமிப்பு கடனாக மாறிவிடும். எதிர் இழுப்பு பாரத்தோடு சேர்ந்துகொள்ளும். தண்டு வேகமாக உட்காரும், முறியவும் கூடும். சுருள்வில் உள்ள வண்டிகளில் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. அந்த யோசனையை இங்கே கொண்டுவராதீர்கள்.

நாற்பதும் நாற்பத்துநான்கும்

தண்டின் இரு முனைகளிலும் சுற்றிலும் பற்கள் உண்டு. அவை எதிரே உள்ள பள்ளங்களில் சொருகி நிற்கும். தண்டைக் கழற்றி ஒரு பல் தள்ளிச் சொருகினால் கையின் கோணம் மாறும். வண்டியின் உயரமும் மாறும். பீட்டில் காரின் பின் தண்டில் உள் முனைக்கு 40 பற்கள், வெளி முனைக்கு 44. வேனின் தண்டு இன்னும் தடிமன், பல் கணக்கும் மாடலுக்கு மாடல் மாறும், உத்தி ஒன்றுதான். பீட்டிலின் எண்களையே வைத்துக்கொள்வோம்.

ஏன் இரண்டு முனையிலும் ஒரே எண்ணிக்கை இல்லை? ஒரு சுற்று 360 பாகை. 40 பல்லுக்கு, ஒரு பல் 9 பாகை. 44 பல்லுக்கு, ஒரு பல் ஏறத்தாழ 8.2 பாகை. கையின் நீளம் 40 செ.மீ. என்றால் ஒரு பாகைக்குச் சக்கரம் 7 மி.மீ. நகரும். உள் முனையில் ஒரு பல் தள்ளினால் 63 மி.மீ.; வெளி முனையில் தள்ளினால் 57 மி.மீ. நமக்கு வேண்டியதோ பத்துப் பதினைந்து மி.மீ. கோடாலியால் நகம் வெட்டுகிற கதை.

உள் முனையை ஒரு பல் முன்னே தள்ளி, வெளி முனையை ஒரு பல் பின்னே தள்ளினால்? 63 ஏறி 57 இறங்குகிறது. மிச்சம் 6 மி.மீ.!

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைப் பிடித்தவர்களுக்கு இது பழகிய உத்தி. முதன்மைக் கோலில் ஒன்பது பிரிவு, வெர்னியர் கோலில் அதே நீளத்துக்குப் பத்துப் பிரிவு. இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் மீச்சிற்றளவு. பியர் வெர்னியர் 1631-ல் வெளியிட்ட யோசனை, முந்நூறு ஆண்டு கழித்துக் காரின் அடியில் எண்ணெயும் மண்ணுமாகக் கிடக்கிறது. நம் தண்டின் மீச்சிற்றளவு சுமார் 0.8 பாகை.

முன்புறத்துக்கு இந்த வசதி இல்லை. அங்கே குறுக்குக் குழாய்க்குள் மெல்லிய எஃகுப் பட்டைகளின் கட்டு ஒன்று இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே நீளமாக ஓடுகிறது, நடுவில் மட்டும் பிடித்திருக்கிறது. நடுவில் திருப்பினால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஏறும், இறங்கும். நம் வேனின் குறை பின்புறத்தில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

எவ்வளவு தூக்குவது?

எளிதாகத் தோன்றும் தீர்வு: சாய்வு 22 மி.மீ., இடது பின்மூலையை 22 மி.மீ. தூக்கு. செய்து பார்த்தால் சாய்வு பாதிதான் குறையும். முன் ஸ்பிரிங்குகள் பழைய சாய்விலேயே பிடித்து இழுக்கும். முழுவதும் நிமிர்த்த வேண்டுமானால் 44 மி.மீ. தூக்க வேண்டும். தூக்கலாம், வேன் ரசமட்டம் வைத்ததுபோல நிற்கும். முட்டை வாணலியின் நடுவிலேயே இருக்கும்.

சக்கரங்களைத் தராசில் ஏற்றினால்தான் விஷயம் தெரியும். அலமாரியால் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட மொத்தம் 68 கிலோ கூடுதல். ஸ்பிரிங்கை என்ன செய்தாலும் இந்த 68 குறையாது. முன்னுக்கும் பின்னுக்கும் அது எப்படிப் பங்கு பிரிகிறது என்பது மட்டுமே மாறும். தொடக்கத்தில் முன்புறம் 49, பின்புறம் 19 என்று இருந்தது. உட்கார்ந்த ஸ்பிரிங் தன் பாரத்தை முன்னே தள்ளிவிட்டிருந்தது அல்லவா? 44 மி.மீ. தூக்கியபின் இது தலைகீழாகிறது. பின்புறம் இடது சக்கரம் வலதைவிட 74 கிலோ அதிகம் சுமக்கும். முன்புறம் வலது சக்கரம் 6 கிலோ அதிகம். ஏற்கெனவே மறதிக்கு ஆளான அதே தண்டின் மேல் இவ்வளவையும் ஏற்றினால் அது மறுபடி உட்காரும். கண்ணுக்கு நேராக நிற்பது வேறு, காலுக்குச் சமமாக நிற்பது வேறு.

நான் செய்யச் சொல்வது இது. இடது பின் தண்டை வெர்னியர் கணக்கில் இரண்டு படி ஏற்றலாம், வலது பின் தண்டை ஒரு படி இறக்கலாம். இரண்டுக்கும் இடையே மொத்தம் 17 மி.மீ. மாற்றம். தண்டின் மறதியான 14 சரியாகிறது, கொஞ்சம் மேலேயும் கிடைக்கிறது. சாய்வு 22-லிருந்து பதின்மூன்று சொச்சத்துக்கு வரும். மீதி அலமாரியின் பாரம். அதைப் பாரத்தாலேயே சரிசெய்ய வேண்டும். கருவிப் பெட்டி, தண்ணீர் கேன், மடக்கு நாற்காலிகள் என்று 25 கிலோவை இடது அலமாரியிலிருந்து எடுத்து வலப்பக்கம் வைத்தால் இன்னும் எட்டரை மி.மீ. போய்விடும். எஞ்சுவது 5 மி.மீ. சக்கரங்களின் வித்தியாசம் முன்னால் 7 கிலோ, பின்னால் 19 கிலோ. இந்த வயதில் ஒரு வேனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிய பிறகும் முறுக்குத்தண்டு முழுவதும் தளர்ந்திருக்காது. அதன் கை, கீழே உள்ள ஒரு விளிம்பில் அழுந்தி நின்றுகொண்டிருக்கும். நெம்பி அந்த விளிம்பைத் தாண்ட விட்டால் அது கையையோ முகத்தையோ உடைக்கும் வேகத்தில் கீழே பாயும். ஜாக்கியால் தாங்கி, மெல்ல இறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கழற்றுமுன் பற்கள் நின்ற இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். கோடு போடாமல் கழற்றிவிட்டு 40, 44 என்று எண்ணிக்கொண்டிருப்பவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

சுருள்வில் வண்டிகள்

1979-ல் வந்த மூன்றாம் தலைமுறை வேனில் முறுக்குத்தண்டு இல்லை, சுருள்வில்தான். அதில் உட்கார்ந்த பக்கத்துச் சுருளின் கீழோ மேலோ ஒரு தடுக்கு வைத்து உயர்த்துவார்கள். எவ்வளவு தடிமன் என்பதில்தான் தவறு நடக்கிறது. சுருள் சக்கரத்தின் நேர் மேலே இல்லை. கையின் நடுவில் எங்கோ நிற்கிறது. கையின் நீளத்தில் பத்தில் ஆறு பங்கு தொலைவில் சுருள் இருந்தால், 10 மி.மீ. தடுக்கு சக்கரத்தில் கிட்டத்தட்ட 17 மி.மீ. உயரத்தைக் கொடுக்கும். பத்து வேண்டும் என்று பத்து வைப்பவர்கள் அடுத்த பக்கத்துக்கும் தடுக்கு தேடி அலைவதைப் பார்க்கலாம். புதுச் சுருள் போடுவதானால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே போட வேண்டும்.

மிச்சமிருக்கும் 5 மி.மீ.

அதை விட்டுவிடுங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கி நூறு செ.மீ.க்கு இரண்டு, இரண்டரை செ.மீ. சரிவாகவே போடுகிறார்கள். இந்த வேனின் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 140 செ.மீ. அந்த அகலத்துக்குள் ஜெர்மன் சாலை தானாகவே வலப்பக்கம் 30 மி.மீ. தாழ்ந்திருக்கிறது.